ரிசர்வ் பாங்கியின் ஐந்தொகை

ரிசர்வ் பாங்கியின் வாராந்தரக் கணக்கு வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகி வருகிறது. அது பாங்கிக்காரர்களுக்கு மட்டுமே உரிய விஷயமென்று கருதி, படித்தவர்களிலும் பெரும்பாலோர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். இது தகாது. நம் கையிலுள்ள ரூபாய் நோட்டு எதை ஈடாகக் கொண்டு நிற்கிறது என்பதை அந்தக் கணக்கே நமக்கு உரைக்கிறது.

எந்த வியாபாரியின் ஐந்தொகையையும் போலவே இதற்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. ஜனங்களிடம் புழங்கும் நோட்டுகளும், சர்க்காரும் மற்ற பாங்கிகளும் வைத்திருக்கும் தொகைகளும் பொறுப்பு. பொன், அன்னிய நாட்டுக் கடன் பத்திரங்கள், இந்தியா சர்க்காரின் கடன் பத்திரங்கள் ஆகியவை ஆஸ்தி. இரண்டு பக்கங்களும் எப்பொழுதும் சமமாகவே நிற்கும். ஆகவே, மொத்தத் தொகை பெருத்ததா சிறுத்ததா என்று மட்டும் பார்ப்பதால் விளையும் பயன் சொற்பமே. எந்த ஆஸ்தி பெருகிற்று? அதற்கு விலை கொடுத்தவர் யார்? இவ்விரண்டுமே கேட்கத்தக்க கேள்விகள்.

நமது தேச சரித்திரமே இதற்குச் சான்று பகரும். 1939-ம் வருஷத்தில் யுத்தம் மூண்டபொழுது புழக்கத்திலிருந்த நோட்டுகள் சுமார் 180 கோடி ரூபாய். 1945-ல் அத்தொகை 1,100 கோடியைத் தாண்டிற்று. நோட்டு வெளியீட்டுக்கு ஈடாக இருந்த பொன்னோ சுமார் 44 கோடி ரூபாயிலேயே நின்றது. பெருகியவை ஸ்டெர்லிங் பத்திரங்களே. பிரிட்டன் தன் யுத்தத்திற்காக இங்கே வாங்கிய பண்டங்களுக்கு ரூபாய் இங்கே கொடுக்கப்பட்டது. அதற்குரிய ஸ்டெர்லிங் லண்டனில் வரவு வைக்கப்பட்டது. 1934-ம் வருஷத்து ரிசர்வ் பாங்கிச் சட்டம் அதை நோட்டுக்கு ஈடாக ஏற்றது. கணக்கில் ஒரு தம்படியும் பிசகில்லை. ஆனால் தானியமும் துணியும் போயின, காகிதம் வந்தது. விலைவாசி ஏறிற்று. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அதற்கு வேறு காரணங்களும் உண்டு; எனினும் கூலிக்காரன் எட்ட முடியாதபடி அரிசி விலையை உயர்த்தியவற்றுள் இந்த நோட்டுப் பெருக்கமும் ஒன்று என்பதை மறுக்கவியலாது. கண்ணுள்ளவர்க்கு அந்த அபாயம் வாரந்தோறும் கணக்கில் எழுதப்பட்டே இருந்தது.

சுதந்திரம் பெற்ற பின்னர் தவறு வேறு உருவில் வந்தது. 1955 முதல் 1997 வரையில், மத்திய சர்க்காரின் கையிருப்புக் குறைந்தபொழுதெல்லாம், தற்காலிக உண்டியல்களின் பேரில் ரிசர்வ் பாங்கி பணம் கொடுத்து நிரப்பிற்று. முன்பு லண்டனின் வாக்குறுதி நின்ற இடத்தில் டில்லியின் வாக்குறுதி நின்றது. இரண்டுக்கும் விலை கொடுத்தவன் சந்தையில் சாமான் வாங்கும் ஏழையே. 1997-ல் இம்முறை ஒழிக்கப்பட்டது நன்மையே.

இன்றைய நிலை என்ன? 2025 மார்ச் 31-ந் தேதிய ஐந்தொகையின் மொத்தம் 76.25 லட்சம் கோடி ரூபாய். ஆஸ்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அன்னிய நாட்டு ஆஸ்தியும் பொன்னுமாகும். முற்காலத்தைவிட இது உறுதியான அஸ்திவாரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதிலும் மயங்குவதற்கு இடமுண்டு. அவ்வருஷத்தில் பாங்கியின் பொன் 822 டன்னிலிருந்து 880 டன்னாயிற்று. எடை ஏறியது சுமார் 7 சதவீதம். மதிப்போ ஏறக்குறையப் பாதியளவு உயர்ந்தது. பொன் விலை ஏறினாலும், டாலருக்கு எதிரே ரூபாய் வீழ்ந்தாலும் ஆஸ்தி தானே பருத்துக் காட்டும். வீக்கத்தைப் புஷ்டி என்று எண்ணலாகாது. விற்றுக் கைக்கு வராத இந்த லாபத்தைப் பங்கிடக் கூடாதென 2019-ல் பிமல் ஜலான் கமிட்டி கூறியது மிகவும் நியாயமே.

2024-25-ம் வருஷத்து உபரியாகப் பாங்கி சர்க்காருக்கு அளித்தது 2,68,590 கோடி ரூபாய். மலிவாக வாங்கியிருந்த டாலரை உயர்ந்த விலைக்கு விற்ற லாபத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. அதே சமயத்தில் ஆபத்துக் காப்பு நிதி 7.5 சதவீதமாக உயர்த்தப்பட்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இத்தகைய வரவு வருஷந்தோறும் தவறாது விளையும் நஞ்சை நிலமன்று. வரி விதித்து ஜனங்களின் அதிருப்திக்கு ஆளாவதைவிட, பாங்கியிடம் கை நீட்டுவது எந்தச் சர்க்காருக்கும் சுலபமாகவே தோன்றும். அந்தப் பழக்கம் முற்றினால், காப்பு நிதியைக் குறைக்கும்படி நிர்ப்பந்தம் பிறக்கும். ஆபத்து வரும் நாளில் கை வெறுங்கையாயிருக்கும்.

வரவு செலவுத் திட்டத்தின்மீது விவாதம் நடக்கும்பொழுது, இந்த உபரி எதிலிருந்து பிறந்தது, மிச்சம் வைத்தது எவ்வளவு என்று நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கச் செய்வது வாக்காளரின் கடமை. அடிமை நாட்டில் கணக்கைப் படித்தவர்க்கும் அதை மாற்றும் அதிகாரம் இல்லை. இன்று அதிகாரம் நம்மிடம் இருக்கிறது. கணக்கும் நம் கண்முன் இருக்கிறது. படிக்காமலிருப்பதற்குச் சமாதானம் ஏதுமில்லை.