பொதுக் குளமும் பூட்டிய கோப்பும்

மீத்திறன் கணினியிலே கோப்புகளை எவ்வாறு வைப்பது, எவருடன் பகிர்வது என்பன பொறியியலாளர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விடயங்கள் என்றே கற்றோருட் பலர் கருதி வருகின்றனர். இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, தீங்கானதுமாகும். பலருக்குப் பொதுவான ஒரு வளத்தை எவர், எவ்வளவு, எத்துணைக் காலத்துக்கு எடுத்தாள்வது என்பது அடிப்படையில் ஒரு சமூக வினாவாகும். அதற்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. வன்னியில் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றாலே போதும்.

கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களிலே கட்டியெழுப்பப்பட்ட இக்குளத்தின் நீர் எந்தத் தனியொருவரின் உடைமையுமன்று. சிறுபோகத்துக்கு முன்னர் கமக்காரரும் அரச அலுவலரும் கூட்டம் கூடி, குளத்திலுள்ள நீரின் அளவைக் கண்டு, எத்தனை ஏக்கரில் விதைப்பதென்று முடிவு செய்கின்றனர். நீர் போதாத ஆண்டில் பங்கு முறையிலே ஒரு பகுதி மாத்திரமே விதைக்கப்படும். தன் வயலுக்கு நீர் முந்தி வருகிறதென்பதற்காகத் தலைமடைக்காரன் வாய்க்காலை மறித்துக்கொள்ள முடியாது. கடைமடைக்காரன் கேள்வி கேட்பான்.

மீத்திறன் கணினியும் இத்தகையதே. ஆயிரக்கணக்கான செயலிகள் ஒருங்கே இயங்கும் அப்பொறியில் பலர் தத்தம் இடங்களிலிருந்தே புகுந்து பணிசெய்வர். எனினும் அவர்களனைவரின் கோப்புகளும் ஒரே பொதுச் சேமிப்பகத்தையே நம்பியிருக்கின்றன. ஆகவே அங்கு இடம் பொதுவாக மூவகையாக வகுக்கப்படும். ஒவ்வொருவருக்கும் அளவிட்டு வழங்கப்படும் சிறிய தனியிடம் ஒன்று; ஆய்வுக்குழுவுக்கு உரிய பொதுவிடம் மற்றொன்று; கணிப்பு நடைபெறும் காலத்துக்கு மாத்திரம் உரிய பரந்த தற்காலிக வெளி மூன்றாவது. இம்மூன்றாவதற்குப் பெரும்பாலும் காப்புப்பிரதி கிடையாது. குறித்த காலம் தொடப்படாது கிடக்கும் கோப்புகள் அங்கிருந்து அகற்றப்படுவதும் வழக்கம்.

“இடம் போதாதாயின் மேலும் வாங்கலாமே, கட்டுப்பாடு எதற்கு?” என்று வினவுவோர் உளர். இரணைமடுவின் கட்டும் பலமுறை உயர்த்தப்பட்டதன்றோ? எனினும் சிறுபோகப் பங்கீடு ஒழிந்துவிடவில்லை. கொள்ளளவு பெருகப் பெருகத் தேவையும் பெருகும். அன்றியும், ஒருவர் பத்து இலட்சம் சிறு கோப்புகளைச் சிதறவிடுவாராயின், எது எங்குள்ளதெனப் பதிந்து வைக்கும் சேவையகம் திணறும். ஏனையோரின் பணிகளும் மந்தமாகும். எத்தனை புதிய வட்டுகளை வாங்கிச் சேர்த்தாலும் இந்நோய் தீராது. சிறு கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டிவைக்கும் ஒழுக்கமே இதற்குரிய மருந்து.

“என் உழைப்பு, என் கோப்பு” என்று முழங்குவோர் வேறொரு சாரார். பொதுப்பணத்தில் இயங்கும் பொறியிலே, பொதுப்பணத்தில் திரட்டிய தரவைக் கொண்டு பெற்ற விளைவைத் தனியுடைமையாகப் பூட்டி வைத்துவிட்டு, பட்டம் பெற்று வெளியேறுபவனின் செயல் அறிவுத்துறைப் பதுக்கலன்றி வேறென்ன? பின்வரும் மாணவன் அதே கணிப்பை மீண்டும் தொடங்க வேண்டியவனாகின்றான்.

இதற்கு மாற்றாக அனைத்தையும் அனைவருக்கும் திறந்துவிடுவதும் தாராள மனப்பான்மையன்று. கோப்பு ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினருக்கும் வாசிக்கவும் எழுதவும் இயக்கவும் தனித்தனி அனுமதி வழங்கும் வசதி இருக்கின்றது. சோம்பலினால் 777 என்ற இலக்கத்தை இட்டு எல்லா அனுமதியையும் எல்லாருக்கும் அளிப்பது, வான்கதவின் திறப்பை வழிப்போக்கனிடம் ஒப்படைப்பதற்கு நிகராகும். குழுவினர் வாசிக்கலாம், பொறுப்பாளர் திருத்தலாம், பொறுப்பாளர் விலகும்போது மற்றொருவர் ஏற்கலாம். பகிர்வு என்பது இவ்வொழுங்கேயாகும்.

பொறியை நம்பி மனிதர் கவலையற்றிருக்கலாகாது என்பதற்கு யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகம் சான்றாகும். 2021 டிசெம்பரில், காப்புப்பிரதி எடுக்கும் நிரலைத் திருத்தியபோது நேர்ந்த பிழையினால், அங்குள்ள மீத்திறன் கணினியிலிருந்து 77 டெராபைட் அளவிலான, ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்தொழிந்தன. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க முடியவில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பவன் உண்மையில் எதையும் வைத்திருப்பவனல்லன்.

இவையெல்லாம் வன்னிக்கு எட்டாத விவகாரங்களா? 2018 டிசெம்பரில் பெய்த பெருமழையினால் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது, விசாரணையும் நடந்தது. அத்தகைய வினாவுக்கு விடை கூறவல்லவை மழைவீழ்ச்சிப் பதிவும் நீர்மட்டப் பதிவுமே. அடுத்த வெள்ளத்தை முன்னறிந்து கூறவல்ல வானிலைக் கணிப்புகள் இயங்குவதும் மீத்திறன் கணினிகளிலேதான். அப்பதிவுகளும் கணிப்புகளும் ஒருவரின் பூட்டிய கோப்புறையிற் கிடக்குமாயின் நீரில் மூழ்குவது கமக்காரனின் நெல்லும் வீடுமேயாகும். கோப்பின் உரிமையாளருக்கு அதனால் யாதொரு நட்டமுமில்லை.

குளத்துக்கு அணித்தாக, அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்துள்ளன. அங்கும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பொதுக்கணினியைக் கையாள்வோர், பொறி வருமுன்னரே கூட்டம் கூட்ட வேண்டும். எவருக்கு எவ்வளவு இடம், எது எப்போது அகற்றப்படும், எது எவருக்குத் திறந்திருக்கும், பிரதி எங்கே வைக்கப்படும் என்பனவற்றை எழுதி வைத்து அனைவரும் ஒப்பவேண்டும். ஏட்டுக்கல்வி இல்லாத கமக்காரனும் விதைப்புக்கு முன் செய்யும் காரியத்தைக் கற்றறிந்தோர் செய்ய மறுப்பாராயின், அவர்தம் கல்வியினாற் பயன் யாது?