எழுத்து தெரிய வேண்டும், கண்ணாடி பிறகு!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. நல்ல நிலையில் இருந்தும் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கணினிகளுக்கு லினக்ஸ்தான் மறுவாழ்வு தருகிறது. அப்படி லினக்ஸ் பக்கம் திரும்புகிறவர்களின் கண்ணில் இணையத்தில் முதலில் படுபவை, ஜொலிக்கும் டெஸ்க்டாப் காட்சிகள்: பின்னாலிருக்கும் படம் தெரிகிற டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), கண்ணாடி மெனு, இழுத்தால் நெளிந்துகொண்டே வரும் சாளரம். இவையெல்லாம் அழகுதான். ஆனால், கணினித் திரையில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி வாசிப்பது. வாசிப்புக்குக் குறுக்கே வரும் அழகை இயல்புநிலை அமைப்பாக யார் தலையிலும் கட்டக் கூடாது.

நிழலும் நெளிவும் வந்த கதை: லினக்ஸில் ஆரம்ப கால ஒளி ஊடுருவல் ஒரு தோற்றம் மட்டுமே. டெர்மினல் தனக்குக் கீழே இருக்கும் வால்பேப்பரின் ஒரு துண்டை நகலெடுத்துத் தன் பின்னணியில் பூசிக்கொள்ளும். நடுவே வேறொரு சாளரம் இருந்தால் அது தெரியாது. திரையில் சாளரங்களைக் காட்டும் அடிப்படை மென்பொருளான எக்ஸ்.ஆர்க்கின் 6.8 பதிப்பு 2004-இல் வெளியாகி இதை மாற்றியது. கீத் பேக்கார்டின் உழைப்பில் உருவான ‘காம்போசிட்’ நீட்சி அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு சாளரத்தையும் நினைவகத்தில் தனித்தனியாக வரைந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் காட்டும் முறை அது. உண்மையான ஊடுருவலும் நிழலும் அதன் பிறகே சாத்தியமாயின.

2006-இல் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் உருவாக்கிய காம்பிஸ் என்ற சாளர மேலாளர் வெளிவந்தது. டெஸ்க்டாப் ஒரு கனசதுரமாகச் சுழன்றது, சாளரங்கள் நெளிந்தன. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு லினக்ஸின் 7.10 பதிப்பு, ஏற்ற கிராஃபிக்ஸ் வசதியுள்ள கணினிகளில் காம்பிஸை இயல்பாகவே இயக்கியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் விண்டோஸ் விஸ்டா தன் ‘ஏரோ’ கண்ணாடித் தோற்றத்துடன் சந்தைக்கு வந்திருந்தது. தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்து உருவான லினக்ஸ் டெஸ்க்டாப், பெரிய நிறுவனத்துக்கு இணையாக நின்ற காலம் அது. அன்றைய உற்சாகம் நியாயமானது.

தொழில்நுட்பத்தின் மேல் குற்றமில்லை: சாளரங்களைச் சேர்த்துக் காட்டும் இந்த முறை அலங்காரத்தை மட்டும் தரவில்லை. சாளரத்தை நகர்த்தும்போது பின்னால் கோடுகோடாகத் தடம் விழும் தொல்லை போனது. திறந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் விரித்துக் காட்டும் வசதி வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காம்பிஸின் திரைப் பெருக்கியும் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியும் பெரிய உதவியாக இருந்தன. எக்ஸ்.ஆர்க்குக்கு மாற்றாக வந்த இன்றைய வேலேண்டில் இந்தச் சேர்ப்பு வேலை அடித்தளத்திலேயே இருக்கிறது; 2016-இல் வந்த ஃபெடோரா 25 என்ற லினக்ஸ் வழங்கல் வேலேண்டை இயல்புநிலையாக்கியது. ஆகவே, பிரச்சினை தொழில்நுட்பத்தில் இல்லை. அதை எங்கே, எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது வலைப்பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிமுறை. சாதாரண அளவு எழுத்துக்கான வரம்பு இது. கறுப்புப் பின்னணியில் டெர்மினலின் வழக்கமான சாம்பல் நிற எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதம் சுமார் 9. பின்னணியை 50 சதவீதம் ஊடுருவ விட்டு, கீழே ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தால் அந்த விகிதம் 1.7-க்கு இறங்கிவிடுகிறது. தூய வெள்ளை எழுத்தே என்றாலும் 21-இலிருந்து 4-க்கு வந்துவிடுகிறது. அதுவும் வரம்புக்குக் கீழேதான். கீழே இருப்பது இருண்ட வால்பேப்பர் என்றால் எழுத்து பளிச்சென்று தெரியும். காட்சிக்கு வைக்கப்படும் படங்களில் பெரும்பாலும் இருண்ட வால்பேப்பர் இருப்பதன் காரணம் இதுதான். அலுவலக வேலையில் கீழே இருப்பது பெரும்பாலும் வெள்ளை நிற ஆவணம்.

இதில் தமிழுக்குக் கூடுதல் சேதாரம் உண்டு. நம் எழுத்தில் ஒரு சிறு புள்ளி உயிர்மெய்யை மெய்யாக்குகிறது. ‘பல’ என்பதற்கும் ‘பல்’ என்பதற்கும் இடையே நிற்பது அந்தப் புள்ளி மட்டுமே. அது சில பிக்சல் அளவே இருக்கும். கீழேயிருக்கும் பக்கத்தின் கறுப்பு வரிகள் மேலே கசிந்து தெரியும்போது, எது நம் புள்ளி, எது கீழே உள்ள எழுத்தின் முனை என்று கண் தடுமாறுகிறது. கொம்பும் சுழியும் நெருங்கி நிற்கும் சிறிய மெனு எழுத்துகளில் இது இன்னும் மோசம். ஊடுருவும் பரப்பில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உள்ள சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்கும் முறைக்குப் பின்னணி நிறம் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஊடுருவும் பரப்பில் அது தெரியாது. அதனால், வரைகலை நூலகமான கெய்ரோ அத்தகைய பரப்புகளில் சாம்பல் நிற விளிம்புக்கு மாறிக்கொள்கிறது. கூர்மை ஒரு படி குறைந்துபோகிறது.

மங்கலாக்கினால் போதுமா?: பின்னணியை மங்கலாக்கிக் காட்டுவது இதற்கு விடையாகச் சொல்லப்படுகிறது. வரிகள் கசிந்து குழப்புவதை அது தடுக்கும். ஆனால், வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சத்தை அது குறைக்காது. அதற்கு விலையும் உண்டு. முழு எச்.டி. அளவில் ஒரு சாளரத்தின் பிம்பத்துக்கே நினைவகத்தில் சுமார் 8 எம்.பி. இடம் வேண்டும். மங்கலாக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ள பிக்சல்களையும் படித்துக் கணக்கிட வேண்டும். கீழே காணொளி ஓடினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் திரும்பச் செய்ய வேண்டும். பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பை உருவாக்கும் கேடிஇ குழு 2018-இல் அதன் 5.13 பதிப்பில் இந்தக் கணக்கீட்டுக்குச் சிக்கனமான புதிய முறையைக் கொண்டுவந்தது, நல்ல முன்னேற்றம். என்றாலும், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்ளும் பழைய மடிக்கணினியில் இந்தச் சுமை மின்விசிறிச் சத்தமாகவும் பேட்டரி இழப்பாகவும் வெளிப்படும். லினக்ஸை நம்பி வருபவை பெரும்பாலும் அத்தகைய கணினிகள்தானே?

அசைவுகளையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். சிறிதாக்கிய சாளரம் எந்தப் பொத்தானுக்குள் போனது என்று காட்டும் அசைவு பயனுள்ளது. அது ஒரு தகவலைச் சொல்கிறது. நெளிவும் சுழற்சியும் எதையும் சொல்வதில்லை. உட்காதின் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை தலைச்சுற்றலைக் கொடுக்கக்கூடும்.

சுதந்திரம் யாருக்கு?: “பிடிக்காவிட்டால் அணைத்துக்கொள்ளுங்கள், லினக்ஸில்தான் சுதந்திரம் இருக்கிறதே” என்பது வழக்கமான பதில். அணைக்கத் தெரிந்தவர் அணைத்துவிடுவார். இந்தத் திரையை முதன்முதலாகப் பார்க்கும் பள்ளி மாணவியும், கண்புரைக்குச் சிகிச்சை எடுத்துவரும் முதியவரும், எழுத்து சரியாகத் தெரியாததற்குத் தங்கள் கண்ணைத்தான் குறை சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் என்ற வழங்கலும் வந்தது. அப்படி முதல் கணினியாக லினக்ஸைச் சந்திப்பவர்களுக்கு இயல்புநிலை அமைப்புதான் லினக்ஸ். பணபலம் மிக்க ஆப்பிளே 2025-இல் ‘லிக்விட் கிளாஸ்’ தோற்றத்தைக் கொண்டுவந்து, வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்ற புகார்கள் எழுந்த பிறகு, ஐஓஎஸ் 26.1-இல் கண்ணாடியின் தெளிவைக் குறைத்துக்கொள்ளும் தேர்வைச் சேர்த்தது. அதே பாதையில் நாமும் போய் முட்டிக்கொள்ளத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை: லினக்ஸ் வழங்கல்களை உருவாக்குபவர்களுக்கு மூன்று கோரிக்கைகள். முதலாவது, எழுத்து இருக்கும் பரப்பு எதுவானாலும் இயல்புநிலையில் ஊடுருவல் இல்லாமல் இருக்கட்டும். அலங்காரம் நிழலோடும் ஓரத்தோடும் நிற்கட்டும். இரண்டாவது, விண்டோஸிலும் ஆப்பிளிலும் ஊடுருவலைக் கட்டுப்படுத்த ஒற்றை விசை இருக்கிறது. லினக்ஸிலோ டெர்மினலுக்கு ஓரிடம், பேனலுக்கு ஓரிடம், தீமுக்கு ஓரிடம் என்று அலைய வேண்டியிருக்கிறது. எல்லாச் செயலிகளும் மதிக்கும் ஒரே விசை அணுகல்தன்மைப் பிரிவில் வேண்டும். மூன்றாவது, தீம் வடிவமைப்பவர்கள் இருண்ட வால்பேப்பரின் மேல் மட்டும் சோதிக்காமல், வெள்ளை ஆவணத்தின் மேல், சிறிய தமிழ் எழுத்தை வைத்துச் சோதிக்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடியவை உண்டு. டெர்மினலில் ஊடுருவலை 10 சதவீதத்துக்குள் வைத்தால், கீழே வெள்ளைப் பக்கம் இருந்தாலும் சாம்பல் எழுத்தின் விகிதம் 7-க்குக் குறையாது. க்னோம் டெஸ்க்டாப்பில் அமைப்புகளின் அணுகல்தன்மைப் பிரிவில் அசைவைக் குறைக்கலாம். கேடிஇயில் டெஸ்க்டாப் விளைவுகள் பக்கத்தில் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அணைக்கலாம். உங்களுக்காக மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும்போது, கண்ணாடியை அணைத்து, எழுத்தை ஒரு படி பெரிதாக்கி, அவர்களை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். சிரமமில்லாமல் வாசித்தார்கள் என்றால்தான் நிறுவும் வேலை முடிந்தது.

- கட்டுரையாளர், கணினி இடைமுக வடிவமைப்புத் துறையில் பணியாற்றுபவர்.