பதக்கம் போடுற பாதை இல்லை இது

போன மாதம் எங்கட கன்ரீனில் ஒரு யோசனை வந்தது. தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரைக்கும் ஒரு அல்ட்ரா மரதன் வைப்பம். மலையக மக்களின் முன்னோர் நடந்த பாதை, கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். ரீசேட், பதக்கம், "மனித எல்லையைத் தாண்டு" எண்டு ஒரு பதாகை. சொன்னவர் நல்ல மனசோடதான் சொன்னவர். ஆனாலும் நாங்கள் மறுக்கிறம்.

ஓட்டத்தில் எங்களுக்குக் கோவம் இல்லை. உடம்பின் எல்லையைப் பாக்கிற ஆக்கள் தலைமன்னாருக்குப் புதுசும் இல்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் இங்கயிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அப்பிடியே திரும்பியும் வந்தவர், 51 மணித்தியாலம். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில் இறந்துபோனார். அவரைக் கொண்டாடத்தான் வேணும். கடலில் இறங்கினது அவர் தானாக எடுத்த முடிவு.

அதே கடலைத் தோணியில் தாண்டி வந்த சனத்துக்கு என்ன முடிவு இருந்தது? 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டத்துக்கு எண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையால் மிகிந்தலை, தம்புள்ளை எண்டு மாத்தளைக்கு நடந்தார்கள். பஞ்சமும் கடனும் பிடிச்சுத் தள்ளின நடை. வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் பாதையோரத்திலயே கிடந்து செத்தார்கள். இதுக்குத் "தாங்குசக்தி" எண்டு பேர் வைச்சால் கங்காணியும் துரையும் கதையில் இருந்து மெல்லக் கழண்டு போயிடுவினம்.

நினைவுக்காக ஓடினால் என்ன பிழை எண்டு கேக்கலாம். நியாயமான கேள்விதான். தென்னாபிரிக்காவின் கொம்ரேட்ஸ் ஓட்டம், ஏறக்குறைய 90 கிலோமீற்றர், முதலாம் உலகப்போரில் இறந்த படைவீரர் நினைவாக 1921இல் தொடங்கினது. ஆனால் 1975 வரைக்கும் கறுப்பினத்தவரும் பெண்களும் அதில் அதிகாரபூர்வமாக ஓடேலாது. நினைவுகூரலுக்கும் வாசல் காவலாளி இருப்பான்.

எங்கட ஓட்டத்தில் ஆர் ஓடுவினம்? கொழுந்துக் கூடையோட சரிவில் ஏறி இறங்குற அக்கா வரமாட்டா. ஒருநாள் வராட்டில் ஒருநாள் சம்பளம் போச்சு. அந்த நாட்சம்பளம் 1000 ரூபாய் எண்டு வர்த்தமானியில் வரவே 2021 ஆச்சு!

2023இல் இதே பாதையில் ஒரு நடைபயணம் போனது, மலையகம் 200 நினைவாக. ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிஞ்சது. அங்கே ஆரும் மணிக்கூடு பிடிக்கேல்லை, முதலாமிடம் எண்டும் ஒண்டும் இல்லை. காணி, வீடு, சம்பளம், சம குடியுரிமை கேட்டு நடந்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறிச்சு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை இதே தலைமன்னாரில் கப்பலேத்தி அனுப்பின நாடு இது. அந்த இறங்குதுறையில் தொடக்கக்கோடு கீறி விசில் ஊதச் சொல்லுறியளோ?

ஓடவேணும் எண்டால் விடிய மன்னார்ப் பாலத்தில் ஓடுவம், நாங்களும் வாறம். மாத்தளைப் பாதைக்கு எண்டால் அந்தக் கோரிக்கைகளோட நடப்பம். பதாகையில் என்ன எழுதிறது எண்டதை மலையகப் பிள்ளையளிட்டக் கேப்பம். எங்கட வகுப்பிலயே நாலு பேர் இருக்கினம். அண்டைக்குக் கன்ரீனில் அவையளை ஒருத்தரும் கேக்கேல்லை, நாங்களும்தான்.