ஏட்டுச் சுரைக்காய்



கடந்த ஆனி மாதத்தில், முடிச்சூரில் வாழ்ந்து மறைந்த முதியவர் ஒருவரின் முப்பதாம் நாள் செபத்திற்காக அவர் இல்லம் சென்றிருந்தோம். செபம் முடிந்ததும் அவருடைய மகன் எம்மை உள்ளறைக்கு அழைத்து, மூன்று தகரப் பெட்டிகளைத் திறந்து காட்டினார். "சாமி, இவை அப்பாவின் புத்தகங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போட மனம் வரவில்லை. வைத்திருக்க இடமும் இல்லை. என்ன செய்வது?" என்று கேட்டார்.

சோப்புத் தயாரித்தல், தையல், தச்சு வேலை, கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், கைவைத்தியம் என ஏறத்தாழ இருநூறு சிறு நூல்கள். இரயில்வேயில் பணியாற்றிய அம்முதியவர், சம்பள நாள்களில் தாம்பரத்திலிருந்து மின்வண்டியேறிப் பட்டணம் சென்று, மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. அந்த மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூருக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது இப்பெட்டிகளும் நனைந்தன. முதியவர் மனந்தளரவில்லை. ஏடுகளுக்கிடையே செய்தித்தாளை வைத்து, வெயிலில் காட்டாமல் காற்றாட வைத்தே உலர்த்தினாராம்.

பழைய நூல் சேர்ப்பவரை உலகம் பித்தர் என்று நகைப்பதுண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா அவர்கள் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்து, 1992இல் மறைந்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல் கடந்து கொண்டு செல்லாமல், சென்னையிலேயே அது நூலகமாக நிலைபெற வழி செய்தது. இன்று அந்நூலகம் நமக்கு அண்மையில், தரமணியில் உள்ளது.

எனினும், சேர்த்து வைப்பது பாதி வேலையே. தஞ்சையில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்களை நினைத்துப் பாருங்கள். காந்தியடிகளின் முயற்சியால் 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய பெருமகன் அவர். செக்கில் எண்ணெய் ஆட்டுதல், கையால் காகிதம் செய்தல், பனைவெல்லம் காய்ச்சுதல் முதலியவற்றை அச்சங்கம் செய்து பார்த்தது, பிறருக்குக் கற்பித்தது, சிறு நூல்களாகவும் வெளியிட்டது. பட்டறையில் பிறந்த நூல் மீண்டும் பட்டறைக்கே செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதற்காகப் பழைய நூல்களைக் கண்மூடி நம்பவும் வேண்டா. மெட்ரிக் அளவைகள் வருவதற்கு முன் அச்சானவை பலம், வீசை என்றே பேசும். ஒரு பலம் சுமார் 35 கிராம். நாற்பது பலம் கொண்ட வீசை சுமார் 1.4 கிலோ. சோப்புச் செய்கையில் இக்கணக்குத் தவறினால் தோல் புண்ணாகும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா 180 கிராமுக்கு மேற்படலாகாது. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். செடிகளுக்கு டி.டி.டி. தூவுமாறு கூறும் பக்கத்தை அடித்துவிடுங்கள். வேளாண்மையில் அதன் பயன்பாடு நம் நாட்டில் 1989இல் தடை செய்யப்பட்டது.

அந்த மகனிடம் நாம் கூறியது இதுதான்: "பெட்டிகளைப் பங்கு நூலகத்திற்குத் தாருங்கள். ஆனால் ஒரு நூலையாவது எடுத்து, அதிலுள்ள ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுத் தாருங்கள்."

அவர் வீட்டுத் தோட்ட நூலைப் புரட்டினார். ஓரத்தில் தந்தையின் கையெழுத்து. பென்சிலால் எழுதியதாதலால் வெள்ளத்திலும் கரையவில்லை. "ஆடியில் சுரை விதைத்தேன். பந்தல் தாழ்வு. காய் தரையில் முட்டி அழுகிற்று. அடுத்த முறை ஆறடி வேண்டும்." மகன் நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா தோட்டம் போட்டது எனக்குத் தெரியவே தெரியாது, சாமி" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய நூல்கள் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஓரங்களைப் பாருங்கள். பெரியவர்கள் செய்து, தவறி, திருத்திக்கொண்டவை அங்கே இருக்கும். அவர்கள் இன்னும் நம்மோடு இருந்தால், நூலை அவர்கள் கையிலேயே கொடுத்து, அருகில் அமர்ந்து கேளுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின், அந்த மகனின் சிறுமி ஒரு சுரைக்காயைச் சுமக்க மாட்டாமல் சுமந்து வந்து எம்மிடம் தந்தாள். "பந்தல் ஆறடி, சாமி" என்றாள். அன்று பங்குத்தந்தை இல்லத்தில் சுரைக்காய்க் கூட்டு.