கல்லை அளந்தவனே நீரைக் காப்பான்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மலை இல்லை, மலையருவியும் இல்லை. வானம் பொழிவதும், பொழிந்ததை நிலம் பொதிந்து வைத்துத் தருவதுமே எமது வாழ்வு. எமது முன்னோர் துலா மிதித்து இறைத்ததும், இன்று நாம் இயந்திரம் பூட்டி இறைப்பதும் ஒரே சேமிப்பிலிருந்துதான். அச்சேமிப்பு எமது மண்ணுக்குக் கீழே கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் இருக்கின்றது. மண்ணின் உரிமையைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகின்றோம்; பேசவும் வேண்டும். ஆனால் அம்மண்ணைத் தாங்கி நிற்கும் கல்லைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்? அக்கல் தன்னூடாக நீரை எவ்வளவு விரைவாகப் போகவிடுகின்றது என்ற கேள்விக்கு எண்ணால் விடை கூறக்கூடியவர் எம்முள் எத்தனை பேர்?

இது பரிசோதனைச்சாலையில் இருப்போருக்கு மட்டும் உரிய கேள்வி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். சுன்னாகத்தில் நடந்ததை நினைவுகூருங்கள். மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்ற முறைப்பாடு 2015ஆம் ஆண்டில் வீதிப் போராட்டமாக வெடித்தது. ஒரு சாரார் நீர் நஞ்சாயிற்று என்றனர். மற்றொரு சாரார் ஆபத்து இல்லை என்றனர். எதனை நம்புவது என்று அறியாத தாய்மார் குடத்தோடு வீதியில் நின்றனர். ஈற்றில், நிறுவனமொன்று இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது என்று மகிழ்வோம். ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. நிலத்தில் விழுந்த எண்ணெய் எத்திசையில், எவ்வளவு தூரம், எத்தனை ஆண்டுகளில் செல்லும்? நீரை மட்டும் சோதிப்பதால் இதற்கு விடை வராது. நீர் செல்லும் வழியாகிய கல்லையும் சோதித்தல் வேண்டும்.

கல் என்றதும் இறுகியது என்றே எண்ணுகின்றோம். உண்மையில் பல கற்களின் உள்ளே எண்ணற்ற நுண்டுளைகள் உள. கல்லின் பருமனில் எத்தனை பங்கு வெற்றிடம் என்பது அதன் நுண்டுளைமை. அவ்வெற்றிடங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்று நீரைப் போகவிடுமா என்பது அதன் ஊடுபுகவிடுமியல்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல. பல அறைகள் இருந்தும் வாயில்கள் அடைபட்ட வீட்டில் ஆட்கள் தங்கலாம், நடமாட முடியாது. களிமண் மிகுந்த நீரைத் தன்னுள் வைத்திருக்கும். ஆயினும் அதனை எளிதில் விடாது. ஆதலால் ‘கீழே நிறைய நீர் உண்டு’ என்று ஒருவர் கூறினால், ‘அது எவ்வளவு வேகத்தில் வரும்?’ என்று திருப்பிக் கேட்பதே அறிவுடைமை.

இக்கேள்விக்கு அளவையால் விடை காணும் வழியை உலகுக்குக் காட்டியவர் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியியலாளர் ஹென்றி தார்சி. தம் நகர மக்களுக்குக் குடிநீர் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், மணல் நிரப்பிய குழாயினூடாக நீரைச் செலுத்தி, வெளிவந்த நீரை அளந்தார். தாம் கண்ட விதியை 1856இல் வெளியிட்டார். அமுக்க வேறுபாடு கூடினால் பாய்ச்சல் கூடும். குறுக்குப் பரப்புக் கூடினாலும் கூடும். வழியின் நீளம் கூடினால் குறையும். இம்மூன்றையும் கழித்த பின் எஞ்சுவது அப்பொருளின் தனிக்குணம். பின்வந்தோர் பாயத்தின் பிசுக்குமையையும் வேறாகப் பிரித்தெடுத்து, கல்லுக்கே உரிய அக்குணத்தை அளக்கும் அலகுக்கு ‘தார்சி’ என்றே பெயரிட்டனர். ஒரு நகரத்தின் குடிநீர்க் கவலையிலிருந்தே இவ்விதி பிறந்தது என்பதை எம்மவர் மறக்கலாகாது.

இன்று ஆய்வுகூடத்தில் இவ்வளவை எடுக்கப்படும் முறையும் விளங்குதற்கு அரியதன்று. நிலத்தைத் துளைத்து எடுத்த பாறையிலிருந்து விரற்கடை அளவான உருளைத் துண்டொன்றை வெட்டி, கழுவி, உலர்த்துவர். பின்னர் அதன் துளைகளிலுள்ள வளியை வெற்றிடமாக்கி அகற்றி, நீரை நிறைப்பர். அத்துண்டை இறப்பர் உறையில் இட்டு, நீர் பக்கவாட்டில் நழுவாதபடி வெளியிலிருந்து நெருக்குவர். ஒரு முனையில் நீரைச் செலுத்தி, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள அமுக்க வேறுபாட்டையும், மறுமுனையில் ஒரு நிமிடத்தில் வெளிவரும் நீரின் அளவையும் குறிப்பர். 10 சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்பும் 5 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துண்டு ஒன்றைக் கொள்வோம். நீரின் வெப்பநிலை 20 பாகை; அமுக்க வேறுபாடு ஒரு வளிமண்டலம். நிமிடத்துக்கு 120 கன சென்ரிமீற்றர் நீர் வருமாயின், அக்கல்லின் ஊடுபுகவிடுமியல்பு ஒரு தார்சி. 1.2 கன சென்ரிமீற்றரே வருமாயின், அது தார்சியில் நூறிலொரு பங்கு. கணக்கு இவ்வளவே.

ஆனால் கணக்கு எளிதென்பதால் அளவை எளிதென்று எண்ணுதல் தவறு. துளைகளில் சிறு வளிக்குமிழி எஞ்சினாலும் அது வழியை அடைத்துக் கல்லைப் பொய் சொல்ல வைக்கும். கல்லில் களி இருப்பின், அதற்குப் பழக்கமில்லாத நீரைச் செலுத்தும்போது களி வீங்கித் துளைகள் ஒடுங்கும். சுண்ணக்கல்லோ அமிலத்தன்மையுள்ள நீரில் கரையும். சோதிக்கும் நீரே வழியை அகலமாக்கிவிடும். ஆதலால் எந்நீர் அக்கல்லில் ஊறிக் கிடந்ததோ அதனை ஒத்த நீரையே செலுத்துதல் நன்று. 20 பாகையில் இருப்பதிலும் 30 பாகையில் நீரின் பிசுக்குமை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. எமது வெப்பத்தில் அளந்துவிட்டு மேல்நாட்டுப் புத்தகத்தின் எண்ணைப் போட்டால் விடையும் அவ்வளவுக்குப் பிழைக்கும். நீருக்குப் பதிலாக வாயுவைச் செலுத்தி விரைவாக அளப்போரும் உளர். வாயு துளைச்சுவரில் வழுக்கிச் செல்வதால், திரவத்திற்கு உரியதிலும் கூடிய பெறுமானத்தையே அது காட்டும் என்பதைக் கிளிங்கன்பேர்க் என்பார் 1941இலேயே விளக்கிவிட்டார். ஆகவே எண்ணைக் கேட்பவன், அது எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும்.

இவ்வளவு கவனமும் எதற்கு என்பாருக்கு மன்னாரைக் காட்டுகின்றோம். மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டு துளையிட்டபோது இயற்கை வாயு கண்டறியப்பட்டது. உலகெங்கும் எண்ணெயும் வாயுவும் தேடுவோர், பாறையின் ஊடுபுகவிடுமியல்பை அறியாமல் உற்பத்தியில் முதல் இறக்குவதில்லை. பாறைக்குள் வாயு இருப்பது மட்டும் போதாது, அது வெளியே வரவும் வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். பணம் தேடுவோர் கடலுக்கடியிலுள்ள பாறைக்குக் காட்டும் மதிப்பை, குடிநீர் தேடும் நாம் காலடியிலுள்ள பாறைக்குக் காட்டாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

இனி, இதன் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் கூறுவோம். எமது சுண்ணக்கல் வெறும் நுண்டுளைக் கல் அன்று. அதில் வெடிப்புகள் உள. நீர் காலங்காலமாகக் கரைத்த குகைகளும் வாய்க்கால்களும் உள. கடலோரத்தே நன்னீர் பொங்கும் கீரிமலைக் கேணியும், புத்தூரை அண்டிய நிலாவரைக் கிணறும் அதற்குச் சான்று. விரற்கடைத் துண்டினுள் குகை அகப்படுமா? அகப்படாது. ஆதலால் ஆய்வுகூடம் தரும் எண், நிலத்தில் நீர் உண்மையில் ஓடும் வேகத்திலும் பன்மடங்கு குறைவாக இருக்கலாம். அதை மட்டும் நம்பி, ‘கழிவு இக்கல்லினூடாகச் செல்லப் பல்லாண்டுகள் ஆகும், அஞ்சற்க’ என்று ஓர் அதிகாரி எழுதுவாராயின், அவர் எண்ணை அறிந்தார், நிலத்தை அறிந்திலர்.

அப்படியாயின் ஆய்வுகூட அளவை வீணா? இல்லை. கல்லின் உடல் மெதுவாகவும் வெடிப்புகள் விரைவாகவும் நீரைக் கடத்துகின்றன. வெடிப்பு வழியே ஓடிவந்த மாசு, நாளடைவில் கல்லின் நுண்டுளைகளுக்குள் புகுந்து தங்கும். பின்னர் வெடிப்பில் நல்ல நீர் ஓடினாலும், துளைகளிலுள்ள மாசு சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். மாசு வருவது விரைவு, போவது தாமதம். எவ்வளவு தாமதம் என்பதைக் கணிக்கக் கல்லின் அளவை வேண்டும். எவ்வளவு விரைவு என்பதை அறியக் கிணற்றை இறைத்து அயற்கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறிக்கும் களச்சோதனை வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் நிலம் தன் உண்மையைச் சொல்லும்.

இந்த உண்மையில் எமது கமமும் குடியும் தங்கியிருக்கின்றன. குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் உண்டு என்பது விதி. மேலே ஓரடி இறங்கினால், நாளடைவில் கீழே உவர் நாற்பதடி ஏறும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரமும், மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாக மாறி இதே நீரில் இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி விடவேண்டும் என்பதை எல்லா ஊருக்கும் ஒரே சட்டமாக எழுதலாம். ஆனால் எல்லா ஊரின் கல்லும் ஒன்றல்லவே!

பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தைப் பற்றி எமது தலைவர்கள் இன்றும் பேசுவர். கடல்நீரேரிகளில் நன்னீரைத் தேக்கி நிலத்தடி நீரை வளர்ப்பது அதன் நோக்கம். தேக்கிய நீரில் எவ்வளவு கல்லுக்குள் இறங்கும், இறங்கியது எவ்வளவு காலம் தங்கும் என்பதையும் இக்கல்லே தீர்மானிக்கும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, நல்லதே. ஆனால் குழாயில் வருவது வீட்டுக்கு; தோட்டத்துக்குக் கிணறே கதி.

ஆதலால் மூன்று காரியங்களை வற்புறுத்துகின்றோம். முதலாவது, ஒவ்வொரு நீர்ப்படுகையிலும் தேர்ந்தெடுத்த சில இடங்களில் பாறையைத் தூளாக்காது முழு உருளையாகத் துளைத்தெடுத்து, இடமும் ஆழமும் பொறித்து, பொதுக் களஞ்சியமொன்றில் வைத்தல் வேண்டும். நிலைக்குத்தாகவும் கிடையாகவும் துண்டுகள் வெட்டித் திரவத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. இப்பணியை அது முன்னின்று நடத்துவதே பொருத்தம். இரண்டாவது, அவ்விடங்களிலேயே களச்சோதனையும் நடத்தி, இரு எண்களையும், அவை பெறப்பட்ட முறையையும், வெப்பநிலையையும் எவரும் படிக்கத் தமிழில் வெளியிடல் வேண்டும். மூன்றாவது, குழிகள், எரிபொருட் களஞ்சியங்கள், குழாய்க் கிணறுகள் ஆகியவற்றுக்குப் பிரதேச சபைகள் அனுமதி வழங்குகையில் இவ்வெண்களையே ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும்.

செலவு ஆகும் என்பர். ஆகும்தான். முழு உருளையாகத் துளைப்பது சாதாரண குழாய்க் கிணறு தோண்டுவதிலும் கூடிய செலவே. எனினும் கெட்ட நீரைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்?

அரசைக் கேட்பதோடு எமது கடமை தீர்ந்துவிடுவதில்லை. எந்தக் கிணறு இறைக்க இறைக்க ஊறும், எது வைகாசியில் உவர்க்கும் என்பதை எமது கமக்காரர் நன்கு அறிவர். அவ்வறிவு அவரோடு மறைந்து போகலாகாது. ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கல், ஒரு கொப்பி — இவை போதும். இறைக்கு முன் நீர்மட்டம் எவ்வளவு, இறைத்த பின் எவ்வளவு, பழைய மட்டத்துக்கு வர எத்தனை மணி நேரம் என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஊரிலுள்ள ஆசிரியரும் பொறியியலாளரும் அக்கொப்பிகளைச் சேர்த்துப் பார்க்கட்டும். ஆய்வுகூடத்தின் எண்ணைச் சரியென்றோ பிழையென்றோ கூறும் சாட்சி அதுவே.

நிலம் எமது என்று சொல்வது உரிமை. அந்நிலம் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று அறிந்திருப்பது அவ்வுரிமைக்குக் காவல். பிறர் அளந்து சொல்லும் வரை காத்திருக்கும் மக்கள், பிறர் சொல்வதையே ஏற்கவேண்டி வரும். எமது கல்லை நாமே அளப்போம். அளந்ததை மறையாது வெளியிடுவோம். பின்னர் எமது நீருக்காக எந்த மன்றத்தின் முன்னும் எண்ணோடு நின்று வாதாடுவோம்.