கருணைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்



அக்டோபர், எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு வசதியான மாதம். 2-ஆம் தேதி காந்தி பிறந்தநாள். அட்டையில் ஒரு ராட்டை, உள்ளே இரண்டு கட்டுரை, கடைசிப் பக்கத்தில் ஒரு கவிதை என்று இதழை ஒப்பேற்றிவிடலாம். 2007-இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளைச் சர்வதேச அகிம்சை தினமாக அறிவித்துவிட்டதால் தலைப்புக்கும் பஞ்சமில்லை. மூன்று நாள் கழித்து, 5-ஆம் தேதி வள்ளலார் பிறந்தநாள். அதைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இருவருக்கும் மாலை போட்டு முடித்து, 6-ஆம் தேதி காலையில் முன்னால் நிற்கும் ஆட்டோக்காரரை ஹாரன் அடித்து விரட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறோம்.

இந்த முறை மாலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இவர்கள் இருவரையும் வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் காந்தி. டர்பனில் அவர் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த நாட்கள். 1898 என்று தம் சுயசரிதையில் சொல்கிறார். குமாஸ்தாக்கள் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் போக வழி கிடையாது, ஆளுக்கொரு சிறுநீர்ச் சட்டி இருக்கும். அதைக் கழுவுவதற்கு ஆள் வைக்காமல் காந்தியும் கஸ்தூரிபாவுமே செய்தார்கள். வீட்டோடு பழகிவிட்ட குமாஸ்தாக்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் புதியவர். பஞ்சமர் என்று அன்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைத் தொட கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துவந்தார். எடுத்துவந்தது போதாது, முகம் மலர்ந்து செய்ய வேண்டும் என்று கணவர் சத்தம் போட்டார். பேச்சு முற்றியது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வெளியே தள்ளுவதற்காக வாசல் கதவைத் திறக்கப் போனார் காந்தி. தாய் தகப்பன், சொந்தம் யாருமில்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கஸ்தூரிபா கேட்ட பிறகுதான் கதவைச் சாத்தினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது, காந்தி பக்கம் ஒரு நல்ல காரணம் இருந்தது என்பதுதான். தீண்டாமை ஒழிய வேண்டும். கஸ்தூரிபாவின் தயக்கத்தில் நியாயம் இல்லை. கொள்கை முழுக்க கணவர் பக்கம். அந்தத் தைரியத்தில்தான் கை நீண்டது. அகிம்சையைத் தம் மனைவியிடமிருந்து கற்றுக்கொண்டதாகக் காந்தி பின்னாளில் சொன்னார். பெரிய மனிதர்கள் பெருந்தன்மைக்காகச் சொல்லும் வார்த்தை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. அந்த வாசல் கதவைப் பற்றித் தெரிந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நம் வீடுகளில் நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி இந்த வகைதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு பிள்ளையை அடிப்பதில்லை. எல்லாம் 'நல்லதுக்குத்தான்'. அடியாத மாடு படியாது என்பார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். மதிப்பெண் குறைந்தால் அடி, சாப்பிட அடம் பிடித்தால் அடி, பெரியவர்கள் முன்னால் கேள்வி கேட்டால் ஒரு முறைப்பு. மருமகளைத் திருத்துவதும் நல்லதுக்குத்தான், தங்கையின் செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் நல்லதுக்குத்தான்.

பிள்ளையை அடிப்பது பற்றியும் காந்தியிடம் ஒரு கதை உண்டு. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அவருடைய டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழ்க் குடும்பங்களும் அதில் இருந்தன. பிள்ளைகளுக்குக் காந்தியே வாத்தியார். சொன்ன பேச்சுக் கேட்காத, பொய் சொல்கிற, வம்புக்கு அலைகிற ஒரு பையன். ஒருநாள் பொறுக்க முடியாமல் பக்கத்தில் கிடந்த ரூல்தடியை எடுத்துக் கையில் ஓர் அடி வைத்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடம்பே நடுங்கியது. பையனுக்குப் பதினேழு வயது, நல்ல பலசாலி. நினைத்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். அவன் அழுதான், மன்னிப்புக் கேட்டான், அதன் பிறகு அடங்கியும் நடந்தான். ஆக, அடி 'வேலை செய்தது'. நம்மில் யாராயிருந்தாலும் அதையே பாடமாக எடுத்துக்கொண்டிருப்போம். காந்தி அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அடிக்கவில்லை. அந்த அடியில் தன் ஆன்மாவைக் காட்டவில்லை, தன்னுள் இருந்த மிருகத்தைத்தான் காட்டினேன் என்ற பொருளில் எழுதி வைத்தார்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளிப் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் "நாலு அடி போட்டாவது படிக்க வைங்க சார்" என்று இன்னமும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மனத்தால் துன்புறுத்துவது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. வகுப்பு நடுவே நிறுத்தி, குடும்பத்தின் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வதற்குப் பிரம்பு தேவையில்லை.

இனி வள்ளலார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் உருகுகிறோம். உருகுவதில் தவறில்லை, ஆனால் அவர் உருகியதோடு நிற்கவில்லை. வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில், 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று அங்கே சொல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டியும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த அடுப்பைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒருநாள்கூட விடாமல் யாரோ விறகு கொண்டுவந்து போட வேண்டும். யாரோ அரிசி களைய வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், மூட்டை குறையும்போது விவசாயியிடமோ வியாபாரியிடமோ கேட்டு வாங்க வேண்டும். இத்தனை பேருக்கும் எல்லா நாளும் மனம் கசிந்துகொண்டா இருந்திருக்கும்? எரிச்சலான நாள் இருந்திருக்கும், உடம்பு முடியாத நாள் இருந்திருக்கும். அன்றும் சோறு வெந்தது. மனம் எப்படி இருந்தாலும் அடுப்பு எரிய வேண்டும் என்கிற மாதிரி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துப் போனதுதான் வள்ளலாரின் சாமர்த்தியம் என்பேன். கருணையை உணர்ச்சியிடம் ஒப்படைத்தால் அது நமக்குத் தோதான நாளில்தான் வரும்.

அவர் எழுதிய 'ஜீவகாருண்ய ஒழுக்க'த்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஓரிடம் உண்டு. தன் குடும்பத்தைப் பசியில் தவிக்கவிட்டு ஊராருக்குச் சோறு போடக் கிளம்புவதை அவர் ஏற்கவில்லை. ஊரார் பசித்திருக்க, தன் குடும்பத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வதையும் ஏற்கவில்லை. அவரவர் தரத்துக்கு ஏற்றபடி செய்யச் சொல்கிறார். மேடையில் கருணை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தட்டை வீசுகிறவர்களை அவர் அந்தக் காலத்திலேயே பார்த்திருக்க வேண்டும்!

ஏற்பாடு என்றதும் என் நினைவுக்கு வரும் இன்னோர் ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆயின. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கொக்கும் வந்து கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளி வருவதும் அந்த நேரத்தில்தான். வெடிச் சத்தத்தில் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் முட்டையும் குஞ்சும் போயிற்று. அதனால் அந்த ஊரில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. தீபாவளியன்று வனத்துறையினர் இனிப்போடு வந்து ஊராருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

எட்டு வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். பக்கத்து ஊரில் சரவெடி சத்தம் கேட்கிறது, நம் ஊரில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் ஒரு வீட்டிலும் வெடி இல்லாதபோது, 'அவங்க வீட்டில மட்டும்' என்று கேட்க வழியில்லை. தனி ஒருவர் தியாகம் செய்வதைவிட ஊரே சேர்ந்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வது சுலபம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இதே வழக்கம்தான். அங்கே பறவைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தலைக்கு மேல் எச்சம் விழுந்தாலும் யாரும் கல் எடுப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம், அந்த லாபத்துக்காகத்தான் செய்கிறார்கள் என்று சொல்வோர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. லாபமும் இரக்கமும் ஒரே பாதையில் போனால் இரக்கத்துக்கு ஆயுள் கூடும். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று வெள்ளைக்காரக் கலெக்டரிடம் 1798-லேயே எழுதி வாங்கினார்களே, அவர்களுக்கும் வயல் இருந்தது.

(சிவகாசிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லா ஊரிலும் வெடியை நிறுத்தச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தொழிலை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலும், நாய்க்குட்டியின் வாலிலும் வெடி வைப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு தலையங்கமே எழுத வேண்டும்.)

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளி ஜவுளிக் கூட்டம் தொடங்கியிருக்கும். புடவைக் கடையில் உங்களுக்கு முன்னால் ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து வைக்கும் பெண்ணைக் கவனியுங்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து அவர் நின்றுகொண்டிருக்கலாம். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அந்த வேலையோடு வருகிற சீதனங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. சட்டம் வந்தும் முக்காலி வராத கடைகள் உண்டு. முக்காலி இருந்தும், வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ என்று உட்காரப் பயப்படும் பெண்களும் உண்டு. அந்தப் பயத்தை நாம்தான் போக்க முடியும். "பரவாயில்லம்மா, உட்கார்ந்துகிட்டே காட்டு" என்று சொல்ல நமக்கு ஐந்து நொடி ஆகுமா? பில் போடும்போது முதலாளியிடம் "பொண்ணுங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டும் வரலாம். வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால், அதிகாரி சோதனைக்கு வருவதற்கு முன்பே ஸ்டூல் வந்துவிடும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. அந்த டம்ளரை எடுத்துப் போடுவதற்கு எந்த மகானின் பிறந்தநாளுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சாந்தமாக இருப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று ஓர் எண்ணம் நிலவுகிறது. காந்தியும் வள்ளலாரும் தலையாட்டியவர்கள் இல்லை. ஒருவர் சாம்ராஜ்யத்தோடு மோதினார், மற்றவர் சாதியையும் சடங்கையும் மறுத்து வசவு வாங்கினார். உரக்கப் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். நம்முடைய சிக்கல், மேலதிகாரியிடம் பேச வேண்டிய குரலை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் பேசுவது. அங்கிருந்து அது பிள்ளையிடம் இறங்குகிறது, பிள்ளையிடமிருந்து தெருநாய்க்கு. கோபம் எப்போதும் பள்ளம் பார்த்தே பாயும் தண்ணீர். அதை நிறுத்தவும் ஓர் ஏற்பாடு தேவை. வீட்டுக்குள் நுழைந்ததும் அரை மணி நேரம் யாரும் யாரிடமும் மதிப்பெண், கடன், கரண்ட் பில் பேசக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். கோபத்தில் இருக்கும்போது பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதில்லை, மறுநாள் காலையில்தான் என்று முடிவு செய்யலாம். சொல்லும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்று தீபாவளிக்குத் தீபாவளி எடுக்கும் சபதத்தைவிட இது அதிக நாள் நிற்கும்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, வேலை செய்யும் இடத்திலோ இப்படி ஏதாவது ஏற்பாடு இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். தபால்காரருக்கும் சிலிண்டர் கொண்டு வருபவருக்கும் வாசலில் தண்ணீர் வைப்பதாக இருக்கலாம். குழந்தைகளை அடிப்பதில்லை என்று கூட்டுக் குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கலாம். உபதேசம் வேண்டாம். என்ன செய்கிறீர்கள், யார் தொடங்கினார்கள், எந்த இடத்தில் தடுக்கிற்று என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். பெயர் போட விருப்பமில்லை என்றால் அதையும் குறிப்பிடுங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்கள் அடுத்த இதழில் வரும்.



அன்புடன்,
ஆசிரியர்