வேனை விடுங்க... நாமக்கல்லை நடந்து பாருங்க!

லீவு விட்டால் போதும், வேன் பேசி ஒரே நாளில் ஏழு கோயில், ஒரு அணை, ஒரு அருவி என்று பட்டியல் போட்டு விடுகிறோம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறுவது யார்? இல்லத்தரசிதான். நாள் பூரா வேனில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, ராத்திரி வீடு திரும்பும்போது அவருக்குக் கணுக்கால் வீக்கம், குழந்தைகளுக்கு வாந்தி, அப்பாருக்கு இடுப்புப் பிடிப்பு. இதற்குப் பெயர் ஓய்வா, நீங்களே சொல்லுங்க!

என் கட்சி இதுதான்: ஒரு நாள், ஒரே ஊர், அதுவும் நடந்தே.

நாமகிரிப்பேட்டைக்காரர்கள் இதற்காக ரொம்ப தூரம் போக வேண்டாம். ராசிபுரம் வழியாக பஸ் பிடித்தால் நாமக்கல். "ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்த ஊர்தானே!" என்பீர்கள். சரி, கும்பிட்ட கையோடு ஆட்டோ ஏறாமல் எத்தனை பேர் அந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்கள்? ஒற்றைக் கல்லாக நிற்கிற மலை. மேற்குப் பக்கம் பாறையைக் குடைந்து நரசிம்மர், கிழக்குப் பக்கம் குடைந்து ரங்கநாதர், உச்சியில் கோட்டை. கீழே கூரையில்லாமல், 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். பக்கத்தில் கமலாலயக் குளம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவில்லமாகி, நூலகமாக இருக்கிறது. பையனை அங்கே அரை மணி நேரம் உட்கார வையுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

வீட்டில் யார் மெதுவாக நடப்பவரோ, அவர் முன்னால் போகட்டும். மற்றவர்கள் பின்னால். புளிசாதமும் வேண்டாம், ஓட்டலில் இட்லி போதும். அம்மா அன்றைக்காவது கையை வீசி நடக்கட்டுமே!

"வீட்டுக்குள்ளேயே நாள் பூரா நடக்கிறேனே, இது எதுக்கு?" என்று கேட்கும் சகோதரிகளே, அடுப்படிக்கும் குழாயடிக்கும் விட்டுவிட்டு நடப்பதில் மூச்சு வாங்குவதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் இருதயத்துக்கு நல்லது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம், பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. சுற்றுலா தினத்தில் ஆயாவின் வேகத்துக்கு நடந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்தே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குப் பாறைச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். வெறுங்காலோடு போகிற இடங்களைக் காலை வெயில் ஏறும் முன் முடித்து விடுங்கள். ராத்திரி உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். மாத்திரை, ஊசி போடுபவர்கள் பட்டினியாக நடக்கக் கூடாது. பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், கோட்டை ஏற யோசியுங்கள்.

எல்லாம் சரி, நடக்க இடம் எங்கே என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பிளாட்பாரத்தில் ஒரு பக்கம் பைக், மறுபக்கம் கடைச் சாமான். குழந்தை கையை விட்டால் லாரி ஹாரன். டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் இந்தத் தொல்லை இருந்தது. 1962-ல் கடைவீதியான ஸ்ட்ராயெட்டில் கார்களை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். படுக்கவில்லை, இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக அங்கே நடக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டார்களே!

நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஞாயிறு காலை 6 முதல் 9 வரை மலையடிவார வீதிகளில் வண்டி வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தால் என்ன? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடும் குடிதண்ணீரும் கேட்கிறோம். அடுத்த முறை இதையும் சேர்த்துக் கேளுங்க.